நேரம் தவறினால் தலைவி

உலக மேன்மைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்த சான்றோர்கள் காட்டுக்குப் போய்த் தவம் செய்தார்கள் என்று படித்திருக்கிறோம். எங்கள் விருத்தாசலத்துப் பழமலைநாதன் அவர்கள் பயிலரங்குக்குப் போவார். மாதம் ஒருமுறை, சென்னையிலோ திருச்சியிலோ, குளிரூட்டப்பட்ட ஓட்டல் ஒன்றில், மதிய விருந்துடன் கூடிய ஒருநாள் பயிலரங்கில் அமர்ந்து ஞானம் பெறுவது அவருடைய நெடுநாள் வழக்கம். ஞானம் பெற்ற கையோடு ரயில் ஏறுவார். அவர் ஜங்ஷனில் இறங்குவதற்குள் அவருடைய பீங்கான் தொழிற்கூடம் மாறிவிட்டிருக்கும். வழியிலேயே வாட்ஸ்அப்பில் உத்தரவு போய்விடும்.

‘காகிதமற்ற அலுவலகம்’ கற்று வந்தபோது, காகிதம் கூடாது என்று அச்சடித்த காகிதத்தைச் சுவர்தோறும் ஒட்டச் செய்தார். ‘சிரிப்பே மூலதனம்’ கற்று வந்தபோது, தொழிலாளர் அனைவரும் வேலை தொடங்குமுன் கூட்டாகக் கைகொட்டிச் சிரிக்க வேண்டும் என்று பணித்தார். சிரித்த அதிர்ச்சியில் அலமாரிப் பலகை சரிந்து, காய வைத்திருந்த பொம்மைகள் நொறுங்கின. மறுநாள் எல்லோரும் அமைதியாகச் சிரித்தார்கள்.

இத்தகைய திட்டங்களின் தொடக்க விழாவில் நீதிக்கதை சொல்வதற்கென்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய என்னைத் தவறாமல் அழைப்பார்கள். கதைக்கு ஒரு சால்வையும் ஆறு பீங்கான் கோப்பைகளும் சன்மானம். என் வீட்டில் இப்போது கோப்பைகள் வைக்க இடமில்லை. நாட்டில் மாறுதல் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்ற ஐப்பசி மாதம் அவர் ‘பெண்கள், பணம், தலைமை’ என்னும் பயிலரங்கிலிருந்து திரும்பினார். முகத்தில் ஒளி இருந்தது.

“சார், இத்தன நாளா நாம கண்ண மூடிக்கிட்டு இருந்துட்டோம்” என்றார். “பெண்கள் தலைமையில நடக்குற கம்பெனிக்குத்தான் இனிமே பெரிய ஆர்டரு. பெங்களூர்ல ஒரு பெரிய நிறுவனம், அவங்க வேலைக்காரங்க எல்லாருக்கும் கார்த்திகை தீபத்துக்கு வெளக்கு பரிசு குடுக்கப் போறாங்களாம். பெண் தலைமை இருந்தாத்தான் வாங்குவாங்களாம். நேர்லயே ஆள் வந்து பாப்பாங்க.”

“உங்கள் தொழிற்கூடத்தில் பெண்கள்தானே அதிகம்?” என்றேன்.

“அதிகமா இருக்காங்க. தலைமையில இல்ல. அத ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்.”

அந்தத் தொழிற்கூடத்தின் அமைப்பை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. அங்கே பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆண்கள் அது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த ஈர விளக்கின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, நனைந்த பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவது பெண்களின் வேலை. அவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. எத்தனை விளக்கோ அத்தனைக்குத்தான் காசு. மேற்பார்வையாளர் தர்மராஜுக்கும், வாட்ச்மேன் சாமிக்கண்ணுவுக்கும், லோடு வண்டி ஓட்டும் நந்தகுமாருக்கும் மாதச் சம்பளம். விளக்கு உடைந்தாலும் அது உடையாது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்கள்தான் விளக்குக்குப் பருவம். அந்த நாள்களில் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அப்படிக் குனிந்திருந்தவர்களை எழுப்பி நிறுத்தித்தான் ‘ஒருநாள் தலைவி’ திட்டம் தொடங்கப்பட்டது.

திட்டம் எளிமையானது. நாள்தோறும் ஒரு பெண் முதலாளியின் சுழல் நாற்காலியில் காலை முதல் மாலை வரை அமர்வார். ‘தலைவி’ என்று பொன்னெழுத்தில் பொறித்த சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிவார். அவரைப் படம் எடுத்து உலகுக்கு அனுப்புவார்கள். வேறு தொந்தரவு எதுவும் அவருக்குக் கிடையாது. முடிவுகளையெல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள்.

தொடக்க விழாவில் நான் யானைக் கதை சொன்னேன். காட்டில் யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானைதான். எங்கே நீர் உண்டு, எங்கே நிழல் உண்டு என்று அறிந்து அது முன்னே நடக்கும், இளங்களிறுகளும் கன்றுகளும் அதன் பின்னே போகும் என்று விரித்துரைத்தேன். பலரும் தலையசைத்தார்கள். முன்வரிசையில் இருந்த கொளஞ்சியம்மாள் மட்டும் கையைத் தூக்கினார். விளக்குப் பிரிவிலேயே மூத்தவர் அவர்.

“ஐயா, அந்த யானை முன்னால போவுதே, அது வழியில தழ கிழ தின்னுக்குமுங்களா?”

“தின்னாமல் எப்படி நடக்கும் அம்மா?”

“அதான் கேட்டேன். இந்த நாற்காலில குந்துனா தழ உண்டுங்களான்னு.”

பழமலைநாதன் மெல்லச் சிரித்தார். “கொளஞ்சிம்மா, பொறுப்புங்கறது பெரிய விஷயம். அதுல போயி தழைய பாக்கக்கூடாது.”

எல்லோரும் கைதட்டினோம்.

முதல் தலைவி கொளஞ்சியம்மாளே. நாள் முழுதும் நாற்காலியில் இருந்தார். இரண்டு முறை தேநீர் வந்தது. ஒருமுறை நாற்காலி தானாகச் சுழன்று அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டது. அது தலைமையின் பகுதி போலும் என்று எண்ணி அப்படியே இருந்தார். சனிக்கிழமை கூலி வாங்கும்போது ஒரு நாள் குறைந்திருந்தது.

“தர்மராஜு, ஒரு நாள விட்டுட்டியே.”

“எந்த நாளு?”

“தலைவியா இருந்தனே, அந்த நாளு.”

“அன்னைக்கு எத்தன பீஸு எடுத்த?”

“நாற்காலில ஒக்காந்துகிட்டு எப்புடிப்பா பிசிறு எடுக்கறது?”

“அப்ப எப்புடி கூலி? தலைவிக்குப் போய் கூலி குடுத்தா மரியாதையா இருக்குமா? நீயே சொல்லு.”

கொளஞ்சியம்மாள் யோசித்துப் பார்த்தார். மரியாதைக்கு மளிகைக் கடையில் என்ன தருவார்கள் என்று கேட்டார். தர்மராஜ் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஒரு வியத்தகு மாற்றம் நிகழ்ந்தது. தலைமை என்ற சொல்லைக் கேட்டாலே பெண்கள் ஓடத் தொடங்கினார்கள். பட்டையோடு தர்மராஜ் வருவதைக் கண்டால் ஒருத்திக்குத் திடீரென்று தலைவலி வரும். ஒருத்தி சூளைக்குப் பின்னால் மறைந்துகொள்வாள். இன்னொருத்தி, “போன தடவ நான் இருந்துட்டேண்ணே, அவ இன்னும் இருக்கல” என்று பக்கத்தில் இருப்பவளைக் காட்டிக்கொடுப்பாள். பதவியை மறுக்கும் இத்தகைய பண்பை நாடெங்கும் தேடினாலும் காண்பது அரிது.

இந்தச் சிக்கலைத் தர்மராஜ்தான் தீர்த்தார். தாமதமாக வருகிறவர்களைத் தலைவி ஆக்கிவிடலாம் என்றார். பழமலைநாதன் மகிழ்ந்துபோனார். ஒரே விதியால் நேரந்தவறாமையும் பெண் தலைமையும் சேர்ந்து வளரும் அல்லவா? விதியை நல்ல தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். “காலை ஒன்பது மணிக்குப் பின் வருபவர் எவராயினும் அவரே அன்றைய தலைவி. அன்று அவருக்கு வரும்படி கிடையாது” என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்கள்.

இவ்விதி வேல்விழியைத் தொடர்ந்து உயர்த்தியது. வேல்விழி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறவள். கணவன் திருப்பூரில் பனியன் வேலை. காலையில் அவள் ஏறும் பேருந்துக்கு முன்னால் எப்படியோ ஒரு கரும்பு டிராக்டர் வந்துவிடும். பேருந்து அதன் பின்னாலேயே பக்தியோடு வரும். இந்த அவதி தீர அவள் ஒரு பழைய ஸ்கூட்டிக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தாள். தீபத்துக்கு முன் மீதியைக் கட்டாவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குத் தந்துவிடுவேன், முன்பணமும் திரும்ப வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பருவத்துக் கூலியை நம்பித்தான் அவள் அந்தத் துணிச்சலில் இறங்கியிருந்தாள்.

இப்போது பாருங்கள். பேருந்து தாமதித்ததால் வேல்விழி தலைவி ஆனாள். தலைவி ஆனதால் கூலி போயிற்று. கூலி போனதால் ஸ்கூட்டி தள்ளிப் போயிற்று. ஸ்கூட்டி தள்ளிப் போனதால் மறுநாளும் அதே பேருந்தில் வந்து மீண்டும் தலைவி ஆனாள். நான் அறிந்த நீதிக்கதை எதிலும் ஒரு விலங்குக்கு இவ்வளவு முன்னேற்றம் வாய்த்ததில்லை.

அவள் ஒருநாள் முதலாளியின் அறை வாசலில் நின்றாள். நானும் உள்ளே இருந்தேன்.

“சார், என்னைய மட்டும் இந்த வாரம் தலைவி ஆக்காதீங்க. வேணும்னா திட்டிக்குங்க. கூடுதலா அர மணி நேரம் இருந்து வேல பாத்துட்டுப் போறேன். நாற்காலி மட்டும் வேணாங்க.”

“வேல்விழி, நீ இப்புடி தாழ்வு மனப்பான்மையோட பேசக்கூடாது” என்றார் பழமலைநாதன், மிகுந்த கனிவோடு. “பயிலரங்குல இதத்தான் சொன்னாங்க. பெண்களுக்கு அவங்க தகுதி மேல அவங்களுக்கே நம்பிக்க வர மாட்டேங்குதாம். உன்னப் பாத்தா எனக்கு அது புரியுது. நம்ம கிட்ட இப்ப அனுபவம் உள்ள ஒரே தலைவி நீதான். பெங்களூர்லேர்ந்து பானுமதி மேடம் அடுத்த வாரம் வராங்க. அவங்க வர அன்னைக்கு நீதான் நாற்காலில இருக்கற. அதுலேர்ந்து தீபம் வரைக்கும் நீயே நிரந்தரத் தலைவி.”

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் வேல்விழி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

பானுமதி அம்மையார் வரும் நாளும் வந்தது. தொழிற்கூட வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே சுழல் நாற்காலிக்குப் பூமாலை. விருந்தினரை அழைத்துவரப் பழமலைநாதன் தாமே காரெடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனார். நான் புதிய கதை ஒன்றைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன்.

அன்று வேல்விழி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். விடியுமுன் புறப்படும் பால் வண்டியில், கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தர்மராஜ் பட்டையோடு நெருங்கியபோது கத்தியும் கையுமாக விளக்குகளின் முன் இருந்தாள்.

“வா வேல்விழி, பட்டைய போட்டுக்க. மேடம் வர நேரமாயிட்டுது.”

“நான் நேரத்துக்கு வந்துட்டேண்ணே.”

“அதனால என்ன?”

“நேரத்துக்கு வந்தவங்க தலைவி இல்ல. போர்டுல போட்டிருக்குது.”

“முதலாளி சொல்லியிருக்காரு.”

“போர்டும் முதலாளி சொன்னதுதான? அதுல இருக்குறதத்தான் கேப்பேன். இவ்ளோ நாளும் அத காட்டித்தான என்னைய குந்த வெச்சீங்க?”

தர்மராஜ் உதவிக்கு என்னைப் பார்த்தார். எழுதியவன் என்ற முறையில் விதியின் பொருள் அதுவே என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ரயில் அன்று தாமதம். கார் வந்து நின்றபோது மணி பத்தரை. பானுமதி அம்மையார் இறங்கினார். பருத்திப் புடவை, தோளில் மடிக்கணினிப் பை, கூர்மையான பார்வை. பழமலைநாதன் கதவைத் திறந்துவிட்டு, அவருக்கு முன்னால் நடந்து, அறைக்குள் அழைத்துப் போனார். நாற்காலியில் மாலை மட்டும் இருந்தது.

“உங்க தலைவி எங்க?” என்றார் பானுமதி.

பழமலைநாதன் தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் தரையைப் பார்த்தார். கதவருகே கூடிவிட்ட பெண்களிடையே இருந்து கொளஞ்சியம்மாள்தான் பதில் சொன்னார்.

“இப்பதாங்க கார்ல வந்து எறங்குனாரு.”

வேல்விழி கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். தர்மராஜின் கையிலிருந்த பட்டையை வாங்கினாள். பணிவோடு முதலாளியின் தோளில் குறுக்காக மாட்டினாள்.

“மணி பத்தர ஆவுதுங்க முதலாளி. நாங்கள்லாம் ஒம்போதுக்கே வந்துட்டோம். இன்னைக்கு வேற யாரும் லேட்டு இல்ல.”

பொன்னெழுத்து அவருடைய வெள்ளைச் சட்டையில் எடுப்பாகத் தெரிந்தது.

பானுமதி வெளியே போய்ப் பலகையைப் படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். உள்ளே வந்தார்.

“லேட்டா வந்தா தலைவியா? இது பரிசா, தண்டனையா?”

“விழிப்புணர்வு மேடம்” என்றார் பட்டையணிந்த பழமலைநாதன்.

“வரும்படி கிடையாதுன்னு இருக்கே?”

“அம்மா, தலைவி ஆனா அன்னைக்குக் கூலி வராதுங்க” என்றார் கொளஞ்சியம்மாள். “அதான் நாங்க யாரும் முன்னேறிடாம பாத்துக்கறோம்.”

பானுமதியின் முகத்தில் சிரிப்பு இல்லை. மிகவும் மரியாதையாகவே சொன்னார்: “அப்ப இன்னைக்கு நீங்கதான் தலைவி சார். விதிப்படி உங்களுக்கு இன்னைக்கு வரும்படி கூடாது. ஆர்டரு கையெழுத்துப் போட்டா அது வரும்படி ஆயிடும். நாளைக்குப் போடலாம்னா நான் காஞ்சிபுரத்துல இருப்பேன், அங்க ஒரு பெண்கள் சங்கத்தப் பாக்கணும். நீங்க ஒக்காருங்க. நான் அவங்களோட கொஞ்ச நேரம் பேசிட்டு வரேன்.”

அவர் பெண்களோடு வேலைக் கூடத்துக்குப் போய்விட்டார். கண்ணாடிக்கு வெளியே, அவர் தரையில் உட்கார்ந்து ஒரு விளக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பதும், வேல்விழி ஏதோ சொல்ல அவர் சிரிப்பதும் தெரிந்தது. உள்ளே நாற்காலியில் பழமலைநாதனும் எதிரே நானும் இருந்தோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. தேநீர் ஒன்று வந்தது.

“சார், இங்க ஒக்காந்து நான் இப்ப என்ன பண்றது?”

“தலைமை தாங்குங்கள்” என்றேன்.

கொஞ்ச நேரம் தாங்கினார். மேசையில் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார். நாற்காலி அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. காலை ஊன்றித் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணுமே வரல சார். யாரும் எதுவுமே கேக்கல. வெளிய ஆர்டரு போயிக்கிட்டு இருக்குது, நான் இங்க மால போட்ட நாற்காலில குந்திக்கிட்டு...” பேனாவை மறுபடியும் திருப்பி வைத்தார். “அந்தப் பொண்ணு எத்தன நாளு இப்புடி இருந்திச்சு?”

“பேருந்து தாமதித்த நாளெல்லாம்.”

அவர் பட்டையைக் கழற்றவில்லை. அப்படியே எழுந்து வேலைக் கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பருவத்தில் அவர்கள் நிமிர்ந்து பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

“வேல்விழி, கொளஞ்சிம்மா, எல்லாருந்தான்” என்றார் பழமலைநாதன். “தப்பு எம்மேலதான். நாற்காலில ஒக்காந்த நாளுக்கெல்லாம் கூலி இன்னைக்கு சாயந்தரமே வந்துடும். இனிமே தலைவியா இருக்குறவங்களுக்கு ரெட்டக் கூலி. அந்தப் போர்டுல இருக்குற கடைசி வரிய இப்பவே அழிச்சிடறேன்.”

சொன்னபடியே ஈரப் பஞ்சை எடுத்துப்போய்த் தம் கையாலேயே அழித்தார். வரும்படி இல்லை என்ற தடை நீங்கியதும் பானுமதி ஆர்டரில் கையெழுத்திட்டார். மாலையில் கூலி வந்தது. கடை மூடுவதற்குள் வேல்விழி மீதியைக் கட்டிவிட்டாள்.

இத்தகைய மனமாற்றத்தை என் கண்ணால் கண்ட பிறகு, பயிலரங்குகளை இனி எவரும் குறைகூற இடம் தரமாட்டேன் என்று முடிவு செய்தேன். அதை முதலாளியிடம் நேரில் சொல்லிப் பாராட்ட மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனேன்.

வேல்விழி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஒன்பதுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. பெண்கள் அனைவரும் வந்துவிட்டார்கள். ஆனால் எல்லோரும் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தோம். கேட் பூட்டியிருந்தது. முதலாளி விடியற்காலை ரயிலிலேயே அடுத்த பயிலரங்குக்குப் போய்விட்டாராம். சாவி வாட்ச்மேன் சாமிக்கண்ணுவிடம். அவரைக் காணவில்லை. மேற்பார்வையாளர் தர்மராஜையும் காணவில்லை. வண்டிக்காரர் நந்தகுமார் தீபத்து லோடை ஏற்ற விடியற்காலையிலேயே வந்திருக்க வேண்டும்; அவரும் இல்லை. ஏதேனும் விபத்தோ என்று நான் பதறினேன்.

“பயப்படாதீங்கய்யா” என்றார் கொளஞ்சியம்மாள். “டீக்கடையிலதான் இருக்காங்க. மணியப் பாத்துக்கிட்டு.”

ஒன்பது அடித்துச் சற்று நேரம் கழித்து மூவரும் தெருமுனையில் தோன்றினார்கள். நல்ல சட்டை அணிந்திருந்தார்கள். அவசரமே இல்லாத நடை. தர்மராஜ் முன்னால் வந்தார். உள்ளே போன முதல் வேலையாக அந்தச் சிவப்புப் பட்டையை எடுத்துத் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

“என்ன தர்மராஜ், ஒருநாளும் தாமதிக்காதவர் நீங்கள்” என்றேன்.

“மனசு கேக்கல சார்” என்றார் அவர், நாற்காலியில் அமர்ந்தவாறு. “இத்தன நாளா இவ்ளோ பெரிய பொறுப்ப பொம்பளைங்க தலையில கட்டிட்டு நாங்க சும்மா இருந்துட்டோம். பெரிய தப்பு சார். அதுக்குப் பரிகாரமா, இனிமே நாங்க மூணு பேருமே மாத்தி மாத்தி சொமந்துக்கலாம்னு இருக்கோம்.”